தாய்மாமன் மடி

அக்கா மகளுக்கு மொட்டை போட்டுக் காது குத்த நாள் குறித்தாகிவிட்டது என்று மச்சான் போனில் சொன்னபோது, ஆரப்பாளையத்தில் நான் வேலை பார்க்கும் டியூஷன் சென்டரின் மாடிப்படியில் பாதியில் நின்றுகொண்டிருந்தேன். மேலே பிள்ளைகள் கணக்குப் பாடத்துக்குக் காத்திருந்தார்கள். கீழே பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. என் முழங்கால் மட்டும் ஏறுவதா இறங்குவதா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அடுத்த ஆவணியில் வைத்திருக்கிறோம், மடியைத் தயார் பண்ணிக்கொள் மாப்ள என்று மச்சான் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு, கைப்பிடிக் கம்பியைப் பற்றியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன்.

எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்துவார்கள். மாமன் தரையில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். பிள்ளையை மடியில் வாங்கி, தலையை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். முதல் முடி அவன் மடியில்தான் விழும். முதல் அழுகையும் அங்கேதான். மாமனுக்கு முடியவில்லை என்றால் வேறொரு மாமன்முறைக்காரரை உட்கார வைக்கலாம். ஆனால் சொந்த மாமன் நின்றுகொண்டு பார்த்தான் என்பதை அந்தப் பிள்ளை கல்யாணம் முடித்துப் போகும்வரைக்கும் சொல்லிக் காட்ட ஆள் இருப்பார்கள். நான் ஒரே தம்பி. நான் காலேஜ் முடிக்கட்டும் என்று பஞ்சாலைக்குப் போனவள் அக்கா. அவள் என்னிடம் இதுவரை கேட்டது எதுவும் இல்லை. இப்போதும் கேட்கவில்லை. மடி இருக்கிறது என்றே வைத்துக்கொண்டுவிட்டாள்.

ஆனால் அந்த வருஷம் என்னால் தரையில் உட்கார முடியாது. காலையில் எழுந்தால் கைவிரல் மடங்க வெகுநேரம் ஆகும். பல் விளக்கும் பிரஷ்ஷை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துப் பிடிப்பேன். ஆனையூரில் நான் தங்கியிருந்த அறையில் குழாயைத் திருகிவிடப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டிருக்கிறேன். முடக்குவாதம் என்று டாக்டர் சொன்னார். ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்ற அதன் பெயரை எங்கள் வீட்டில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான், வியாதியும் எனக்கேதான். உடம்பைக் காக்க வேண்டிய படையே மூட்டுகளை எதிரி என்று நினைத்து அடிக்கிறது என்று அவர் விளக்கியதை வீட்டில் வந்து சொன்னேன். அப்பா கேட்டுவிட்டு, நம்ம சொந்தக்காரங்க மாதிரித்தான் போல என்றார். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இது வயசானவர்களுக்கு வருவது, ஓடுகிற பயலுக்கு எப்படி வரும் என்பதே அவள் கேள்வி.

ஓடுகிற பயல் என்பது உண்மைதான். நாகமலை புதுக்கோட்டையில் படித்த காலத்தில் விடிவதற்கு முன்னால் மலையை ஒட்டிய ரோட்டில் ஒரு கூட்டமாக ஓடுவோம். பாதிப் பேர் போலீஸ் வேலைக்கு, மீதிப் பேர் சும்மா. அங்கே ஒரு நம்பிக்கை உண்டு. கால் பிடித்துக்கொண்டால் நிற்கக்கூடாது, ஓடித்தான் வலியை உடைக்க வேண்டும். உடைப்பது என்பதுதான் நாங்கள் சொல்லும் வார்த்தை. அதைக் கேட்டுக் கேட்டே என் உடம்பு வளர்ந்தது. முட்டி முதல்முறை வீங்கியபோது நான் செய்ததும் அதுதான். ஒரு வாரம் ஓடி உடைத்தேன். உடைந்தது வலி இல்லை.

மாத்திரை ஆரம்பித்த பிறகு டாக்டர் என்னைப் பிசியோதெரபிக்கு அனுப்பினார். அங்கே இருந்த பெண்ணுக்கு என் வயசுதான் இருக்கும். உசிலம்பட்டிப் பக்கத்துப் பேச்சு. மற்றவர்கள் எல்லாம் எங்கே வலிக்கிறது என்றுதான் கேட்டிருந்தார்கள். அவர் கேட்டது வேறு. என்ன செய்ய முடிந்தால் போதும் என்று நினைக்கிறீர்கள் என்றார். ஓட வேண்டும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வெளியே வந்தது, பாப்பாவை மடியில் வைத்துத் தரையில் உட்கார வேண்டும் என்பது. அவர் சிரிக்கவில்லை. பாப்பா எவ்வளவு கனம், சும்மா இருக்குமா துள்ளுமா, எவ்வளவு நேரம் உட்கார வேண்டும் என்று விசாரித்தார். துள்ளும் என்றேன்.

பிறகு மேசையிலிருந்து பிளாஸ்டிக்கில் செய்த ஒரு முழங்கால் மூட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். மடக்கிப் பாருங்கள் என்றார். மடக்கினேன். மேல் எலும்பு கீழ் எலும்பின் மேல் உருண்டு, கூடவே கொஞ்சம் வழுக்கி, கடைசியில் தன்னைத்தானே லேசாகத் திருப்பிக்கொண்டது. முன்னால் ஒரு சில்லு, அந்த அசைவுக்கு வழிவிட்டு ஏறி இறங்கியது. திரும்பத் திரும்ப மடக்கிக்கொண்டே இருந்தேன். கதவுக் கீல் மாதிரி ஒன்று என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இப்படி ஒன்றையா இத்தனை வருஷம் தார் ரோட்டில் போட்டு அடித்தோம் என்று மலைப்பாக இருந்தது. பின்னால் வரிசையில் நின்ற பெரியவர், தம்பி அதை வச்சிட்டு வந்தா எங்களையும் பாப்பாங்க என்றார்.

அந்தப் பெண் சொல்லிக் கொடுத்த பயிற்சிகள் கேட்பதற்கு ஒன்றுமே இல்லாதவை. மேசையில் உள்ளங்கையை வைத்து விரலை ஒவ்வொன்றாகத் தூக்குவது. நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி, தொடையை இறுக்கி, விடுவது. மணிக்கட்டை வட்டமாகச் சுற்றுவது. இதற்கா பஸ் ஏறி வந்தோம் என்று தோன்றியது. ஆனால் கூடச் சொன்னவைதான் எனக்குப் புதியவை. புறங்கையால் மூட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாக, வீங்கி இருந்தால் அன்றைக்கு அதன் மேல் பாரம் ஏற்றக்கூடாது. போகிற அளவுக்கு மெதுவாக அசைத்துக் கொடுத்துவிட்டு ஓய்வு கொடுத்துவிட வேண்டும். சூடும் வீக்கமும் இல்லாமல் இறுக்கம் மட்டும் இருந்தால், வெந்நீர் ஊற்றி இளக்கிவிட்டு அசைக்கலாம். பயிற்சி முடித்து ஓரிரண்டு மணி நேரம் ஆகியும் வலி தணியவில்லை என்றால் அன்றைக்குச் செய்தது அதிகம், அடுத்த முறை குறைக்க வேண்டும். கனமானதை விரலால் பிடிக்காமல் முழங்கையை மடித்து முன்கையில் தாங்க வேண்டும். கழுத்து வலித்தாலோ கை மரத்துப்போனாலோ எதையும் செய்யாமல் நேராக டாக்டரிடம் போக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை போல. நீங்க ஓட்டக்காரரு, சும்மா இருன்னா இருக்க மாட்டீங்க, ஒங்களை நெனைச்சாத்தான் பயமா இருக்கு என்றார்.

பயம் சரியாகத்தான் இருந்தது. மாத்திரை வேலை செய்யத் தொடங்கி, ஒருநாள் விடியற்காலையில் என் விரல்கள் முழுசாக மடங்கின. பிரஷ்ஷை விரலால் பிடித்தேன். அந்தச் சந்தோஷத்தில் அறையில் பாயை விரித்து, சுவரைப் பிடித்து இறங்கி, சம்மணம் போட்டு உட்கார்ந்தே விட்டேன். முட்டி கத்தியது. கத்தட்டும், இன்றைக்கு உடைத்துவிடலாம் என்று மடியில் ஒரு அரிசிப் பையையும் தூக்கி வைத்துக்கொண்டேன். மறுநாள் இடது முட்டி பேன்ட்டுக்குள் நுழையவில்லை.

நொண்டிக்கொண்டு போய் நின்றபோது அந்தப் பெண் திட்டவில்லை. முட்டியைத் தொட்டுப் பார்த்து, டாக்டரிடம் காட்டி வரச் சொல்லி, நான் திரும்பி வந்து உட்கார்ந்த பிறகு நிதானமாகச் சொன்னார்.

"அண்ணே, இதென்ன வாடிவாசலா? மூட்டு மாடு இல்லண்ணே, புடிச்சு அடக்குறதுக்கு."

பக்கத்துக் கட்டிலில் தோள்பட்டைக்குப் பயிற்சி செய்துகொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. அன்றைக்குப் பஸ்ஸில் திரும்பும்போது, வீங்கிய முட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டே வந்தேன். அடக்குவது இல்லை என்றால் அதோடு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

வீக்கம் வடிந்த பிறகு அவர் தண்ணீரைப் பற்றிச் சொன்னார். மார்பளவு வெதுவெதுப்பான தண்ணீருக்குள் நின்று செய்தால் உடம்பின் பாரம் மூட்டில் இறங்காது. அதற்கென்று இருக்கும் குளத்துக்கெல்லாம் நான் எங்கே போவது. நாகமலைக்கு மேற்கே ஊரில் சித்தப்பாவின் தென்னந்தோப்பில் பம்புசெட் தொட்டி இருக்கிறது என்றேன். போர் தண்ணீரா கிணற்றுத் தண்ணீரா என்று கேட்டார். போர். ரொம்ப ஆழத்திலிருந்து வருவது, எடுத்த எடுப்பில் கதகதவென்று இருக்கும். அவர் கண் விரிந்தது. அடியில் பாசி வழுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், தனியாக இறங்காதீர்கள் என்றார்.

அம்மா ஒரே பிடியாக நின்றாள். வாதக்காரன் தண்ணீரில் நிற்பதா? நாற்று நட்டுச் சேற்றில் நின்று நின்றுதான் எங்கள் பெண்களுக்குக் கைகால் பிடித்துக்கொள்கிறது என்று நம்புகிற ஊர் அது. காய்ச்சல் வந்தால் தலைக்கு ஊற்றமாட்டாள், எனக்கு இந்த வியாதி வந்ததிலிருந்து மழை பெய்தால் ஜன்னலைச் சாத்திவிடுவாள். படித்தவன் என்று நான் என்ன சொன்னாலும் நம்புகிறவள் இதை மட்டும் நம்பவில்லை. கடைசியில், நானும் கூட வாரேன், ஒடம்பு நடுங்குச்சுன்னா மறுநிமிசமே ஏறிரணும் என்ற கட்டுப்பாட்டோடு தோப்புக்கு வந்தாள்.

பம்புசெட்டுக்கு மூன்று பேஸ் கரண்ட் காலை ஒன்பதுக்கு மேல்தான் வரும். அதுவும் எனக்குத் தோதாகப் போயிற்று. அதற்குள் காலை இறுக்கம் பாதி விட்டிருக்கும். அப்பா முந்தின நாளே தொட்டியைத் தேய்த்துக் கழுவி, அடியில் சாக்கை விரித்துக் கல் வைத்திருந்தார். சித்தப்பா மோட்டாரைப் போட்டார். குழாய் இருமிவிட்டுக் கொட்டத் தொடங்கியது. மார்கழிக் குளிரில் தண்ணீரின் மேல் லேசாக ஆவி எழுந்தது. அப்பாவின் தோளைப் பிடித்து உள்ளே இறங்கினேன்.

தண்ணீர் இடுப்பைத் தாண்டி மார்புக்கு ஏறியபோது நடந்ததை எப்படிச் சொல்வது என்று இப்போதும் தெரியவில்லை. பல மாதங்களாக என் கால்களை நான்தான் தூக்கிக்கொண்டு திரிந்தேன். ஒவ்வொரு அடியும் கேட்டுக் கேட்டு வைத்தது. திடீரென்று யாரோ அடியிலிருந்து கை கொடுத்து வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. தொட்டி விளிம்பில் முன்கைகளை ஊன்றி, மெதுவாக முட்டியை மடக்கினேன். மடங்கியது. இன்னும் கொஞ்சம் மடக்கினேன். அதுவும் மடங்கியது. உருண்டு, வழுக்கி, லேசாகத் திரும்பி, அந்தப் பிளாஸ்டிக் மூட்டு செய்ததையெல்லாம் என் கால் தண்ணீருக்கு அடியில் செய்தது. விளிம்பில் ஊன்றிய கைகளில் பாதி மிதந்தபடி, கழுத்தளவு தண்ணீரில் நான் குத்தவைத்து உட்கார்ந்திருந்தேன். தென்னை ஓலை நிழல் என் முட்டிமேல் நெளிவதைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். என் முட்டிதான் என்று நம்ப முடியவில்லை.

நிமிர்ந்தபோது அம்மா துண்டைப் பிடித்த கையோடு அசையாமல் நின்றாள். பழைய ஆசையில் நான் இன்னும் ஒருமுறை, இன்னும் ஒருமுறை என்று போய்விடுவேனோ என்று எனக்கே பயம் வந்தது. போதும் என்று எழுந்திருக்கப் போனேன். அம்மா சித்தப்பா பக்கம் திரும்பினாள்.

"கொழுந்தனாரே, மோட்டாரை அமத்திராதீங்க. எம்புள்ள ஒக்காந்திருக்கான்."

ஆனாலும் அன்றைக்கு ஏறிவிட்டேன். சாயங்காலம் வரைக்கும் முட்டியைப் புறங்கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தோம், நானும் அம்மாவும் மாறி மாறி. சூடு இல்லை. ஞாயிறுதோறும் ஊருக்குப் போய்த் தொட்டியில் இறங்குவது அதிலிருந்து வழக்கமாயிற்று. மற்ற நாட்களில் அறையில் அந்த ஒன்றுமில்லாத பயிற்சிகள். சில வாரங்கள் மூட்டு வீங்கும். அப்போது தண்ணீருக்குப் போகாமல், கட்டிலில் கிடந்தபடி கணுக்காலை மட்டும் அசைத்துக்கொண்டிருப்பேன். முன்பெல்லாம் அது எனக்குத் தோல்வி மாதிரி இருக்கும். அந்தச் சித்திரையில் அப்படிக் கிடந்தபோதுதான் கவனித்தேன், கோபம் வரவில்லை. மூட்டு இன்றைக்கு முடியாது என்கிறது, சரி என்று இருந்தது.

மடியில் தலையணையை வைத்துத் தரையில் உட்காரப் பழக்கியது போக, தரையிலிருந்து எழுந்திருப்பதைத்தான் அந்தப் பெண் ரொம்ப நாள் பழக்கினார். உட்காருவதை எல்லாரும் யோசிக்கிறார்கள், எழுவதை யாரும் யோசிப்பதில்லை என்பார். கூடவே ஒன்று சொன்னார். ஒங்களுக்கு வேண்டியது மடி, சம்மணம் இல்ல. அன்னைக்குக் கால் எப்படி இருக்கோ அப்படி ஒரு மடி போட்டுக்கிட்டாப் போதும்.

காதுகுத்து அன்று குலசாமி கோயிலுக்கு வேனில் போனோம். இரவெல்லாம் தூறல். வேனுக்குள் மடக்கிய காலை நீட்ட இடமில்லை. கோயில் திடலில் இறங்கியபோது என் இரண்டு முட்டியும் மரக்கட்டையாக இருந்தன. மச்சான் கையைப் பிடித்துத்தான் கீழே கால் வைத்தேன். அக்கா பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். சட்டென்று முகத்தைத் திருப்பி, பாப்பாவின் சட்டைப் பித்தானைச் சரி செய்தாள். பெரியப்பா மெதுவாக வந்து, தேவைப்பட்டால் தன் மகனை உட்கார வைக்கலாம், இதில் ஒன்றும் இல்லை என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

வேட்டியை விலக்கிப் புறங்கையால் தொட்டுப் பார்த்தேன். வலது முட்டி குளிர்ந்து இருந்தது. இறுக்கம்தான். இடது லேசாகச் சூடு. கொஞ்சம் உப்பலும் இருந்தது. அதன்மேல் பாரம் கூடாது. இதைச் சொல்ல நான் வாயெடுக்கும் முன்பே அம்மா தொட்டுப் பார்த்துவிட்டுச் சமையல் பந்தல் பக்கம் நடந்தாள்.

மொட்டை போட்ட பிள்ளைகளைக் குளிப்பாட்ட அங்கே ஒரு பெரிய அண்டாவில் வெந்நீர் காய்ந்துகொண்டிருந்தது. அதை அடுப்பிலிருந்து இறக்கச் சொல்லி, குளிர்ந்த நீரைக் கலந்து, கைக்குழந்தைக்குப் பார்ப்பதுபோல் முழங்கையை விட்டுப் பதம் பார்த்தாள். மச்சானும் சமையல்காரரும் என் கக்கத்தில் கைகொடுத்து என்னை அண்டாவுக்குள் இறக்கினார்கள். ஒரு பக்கம் கிடாக்கறி கொதிக்கிறது, மறுபக்கம் பட்டு வேட்டியைக் கழற்றிவிட்டுக் கைலியோடு மாமன் அண்டாவில் நிற்கிறான். கூட்டம் கூடிவிட்டது. கிடா பத்தலையா, மாமனையும் போட்டுட்டீங்களா என்றார் பெரியப்பா. சமையல்காரர் அண்டாவை எட்டிப் பார்த்து, ஆளு வேகக் கொஞ்சம் நேரமாகும், மசாலா இப்பப் போட வேணாம் என்றார். நான் சிரித்துக்கொண்டே அண்டா விளிம்பில் முன்கையை ஊன்றி, மச்சான் தாங்கியிருக்க, இடது காலில் பாரம் விடாமல் வலது முட்டியை மடக்கி நீட்டினேன். இடதை அதன் போக்கில் அசைத்தேன். காது குத்தும் ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை. அவ்வளவு பெரிய கூட்டம் ஒரு முட்டி இளகுவதற்காகக் காத்துக்கொண்டிருந்தது.

கோயில் முன்னால் ஒரு அரிசி மூட்டையைப் படுக்க வைத்து ஜமுக்காளம் போர்த்தியிருந்தார்கள். அம்மாவின் வேலை. வேட்டியை மறுபடி கட்டிக்கொண்டு வந்து அதில் உட்கார்ந்தேன். வலது காலை மடக்கினேன், இடது காலை அப்படியே முன்னால் நீட்டிவிட்டேன். மாமன் காலை நீட்டி உட்காரலாமா என்று ஒரு குரல் பின்னாலிருந்து கேட்டது. அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"காலையா பாக்க வந்தீக? மடி இருக்கு பாருங்க."

அக்கா குனிந்து பாப்பாவை என் மடியில் விட்டாள். விரல்களால் பிடிக்காமல், இரண்டு முன்கைகளையும் வளைத்து வாங்கிக்கொண்டேன். பயிற்சியில் வைத்துப் பழகிய தலையணையைவிட அவள் சூடாக இருந்தாள், கனமாக இருந்தாள், துள்ளினாள். அவள் துள்ளும் ஒவ்வொரு தடவையும் என் தொடை இறுகி அவளை ஏந்தியது. நாற்காலியில் உட்கார்ந்து தினமும் இறுக்கி விட்ட அதே தொடை. நான் சொல்லாமல், நான் நினைப்பதற்கும் முன்னால் அது அந்த வேலையைச் செய்தது. மொட்டை போடுகிறவர் மழிக்க மழிக்க, முடி என் மடியில் விழுந்தது. ஆசாரி குனிந்தார். அவள் வீறிட்டு அழுது, தலையை என் நெஞ்சில் மோதி, கைக்கு அகப்பட்டதைப் பிடித்தாள். என் வலது ஆள்காட்டி விரல். அந்த வீங்கிய கணுவை அவ்வளவு சின்னக் கை முழுசாகச் சுற்றிப் பிடித்திருந்தது. வலித்தது. எடுக்கவில்லை.

இரண்டாவது காதும் முடிந்தபோது குலவை போட்டார்கள். பாப்பா விக்கிக்கொண்டே இறங்கி அக்காவிடம் ஓடிவிட்டாள். அக்கா அவளைத் தூக்காமல் என் முன்னால் வந்து உட்கார்ந்து, என் நீட்டிய காலின் மேல் கையை வைத்தாள். புறங்கையை. யார் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.

மச்சான் எழுப்பிவிட வந்தார். ஒருக்களித்து, முன்கை ஊன்றி, நல்ல காலை முதலில் என்று பழகியதெல்லாம் எனக்கு நினைவில் இருந்தது. கொஞ்சம் பொறுங்கள் என்றேன். மடியில் ஒட்டியிருந்த முடியைத் தட்டாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மடங்கிய முட்டி என் கண்முன்னால் இருந்தது, வேட்டிக்கடியில், தன் பாட்டுக்கு, ஒன்றும் நடக்காததுபோல.